நந்தினிக்கு வரும் மெயில்கள்

ஐப்பசி, புதன் இரவு

அறைத்தோழன் செந்தில் இன்று என் மெயிலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான்.

"இன்னா மச்சி, இவ்ளோ குப்பை கீது! பெருங்குடி குப்பைமேடே தோத்துடும்."

கடன், லாட்டரி, வேலை என்று வந்ததையெல்லாம் அழித்தான். தி.நகர் புடவைக் கடையின் தள்ளுபடி மெயிலில் நின்றான்.

"அன்புள்ள நந்தினின்னு போட்டுருக்கான். யார்ரா அது?"

"தெரியல. தப்பா வருது."

அதையும் இனி வராதபடி நிறுத்திவிட்டான்.

நானும் நந்தினியும் காதலித்த நாட்களில் ஒருமுறை அந்தக் கடையில் புடவை வாங்கினோம். பில் போடும்போது மெயில் முகவரி கேட்டார்கள். தன் வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, நந்தினி தன் பெயரோடு என் முகவரியைக் கொடுத்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் அந்தக் கடை அவளை என்னிடமே தேடிக்கொண்டிருந்தது.

நாளை அங்கே போய் ஒரு கைக்குட்டையாவது வாங்க வேண்டும். பில்லுக்குப் பெயரும் மெயில் முகவரியும் கேட்பார்கள்.