மூன்று மணிக்கு ஓய்வு

வத்தேகம,
10.09.2025, புதன்கிழமை.

அன்பு மகன் கிருஷாந்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல், வேலையிலும் தொல்லை இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை அதை எழுத மறுக்கிறது. அம்மாவின் கண் வீக்கம் வற்றிவிட்டது, இரண்டு கண்ணாலும் பார்க்கிறாள், சமைக்கிறாள். தங்கச்சி அனுஷியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, முதுகில் தழும்புகள் மட்டும் கறுத்துப்போய் இருக்கின்றன. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையில் மாவுக்கட்டு, விரல் நுனிகள்தான் வெளியே தெரிகின்றன, நேற்றுக் காலையில் தொடங்கிய கடிதம் இது. கட்டு ஏன் வந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ இடையில் ஒரு கேள்வி கேட்டால் நான் தடுமாறி, உனக்குப் பிடித்த மாதிரி ஏதாவது சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதினால் திரும்பிப் படித்துச் சரி பார்க்கலாம்.

போன மாதம் 28ஆம் திகதி நீ அனுஷியாவுக்கு எடுத்துப் பேசினாயே, அப்போது அவள் காது வீங்கியிருந்ததால் போனைக் காதில் வைக்க முடியாமல் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தாள். அதனால் நீ சொன்னது அம்மாவுக்கும் எனக்கும் கேட்டது. சித்தப்பாவைத் தின்றுவிட்டு உனக்குப் பட்டம் ஒரு கேடா என்று கேட்டாய். நான் ஊருக்கு வரும்போது நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றாய். அவள் சரி அண்ணா என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. உனக்கு இந்தக் கதையைச் சொன்னது சித்தப்பா மகன் சதீஸ் என்று தெரியும். அப்பாவைப் பறிகொடுத்தவன், அவன் நம்பியதைச் சொன்னான், அதில் அவன் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் நடந்தது அது இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

அனுஷியா இறையியல் கல்லூரியில் கிரேக்கப் பாடத்தில் இரண்டு தடவை சித்தியடையவில்லை என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது தடவையும் விட்டால் பட்டம் இல்லை. அவள் அழுததைப் பார்த்து நான் ஒருவருக்கும் சொல்லாமல் மடுல்கெல்ல தோட்டத்து முனியாண்டிக்கு நேர்த்தி வைத்தேன். இந்தப் பாடம் தேறினால் பட்டம் வாங்குகிற அன்றே பிள்ளையைக் கூட்டிவந்து கற்பூரம் கொளுத்தி, வெடி போட்டு, தேங்காய் உடைக்கிறேன் என்று. வேதப் படிப்புக்கு முனியாண்டியிடம் நேர்த்தியா என்று நீ சிரிப்பாய். முப்பத்தொரு வருஷம் அந்தத் தோட்டத்து ஒபீசில் கிளாக்கராக இருந்தவன், கவலை வந்தால் எனக்கு வேறு யாரைத் தெரியும்? ஞானஸ்நானம் எடுத்த நாளிலேயே அவள் மரியாதையாகச் சொல்லியிருந்தாள், அப்பா எங்கே கூப்பிட்டாலும் வருவேன், கற்பூரத் தட்டை மட்டும் தொடச் சொல்லாதீங்க என்று. ஆகவே நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பாளோ என்ற பயம். வழக்கம்போல பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதினேன். 6.30 புறப்பாடு, 9.00 பட்டமளிப்பு, 12.30 கண்டி டவுனில் சாப்பாடு, 3.00 மடுல்கெல்ல, ஓய்வு. ஓய்வு என்று எழுதினேன் மகன். அதுதான் முதல் பொய்.

23ஆம் திகதி சனிக்கிழமை இப்திகார் தம்பியின் வேனில் போனோம். நான், அம்மா, அனுஷியா, சித்தப்பா, ரத்தினம்மா சின்னம்மா, சதீஸ். சித்தப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, ராஜலிங்கம் ஏறினால் வேனில் ரேடியோ தேவையில்லை என்று உன் அம்மா சொல்லுவாள். என் தாளைப் பறித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, அண்ணன் மூச்சு விடுவதற்கும் நேரம் குறித்திருக்கிறார் என்றான். நான் இரண்டு குடை எடுத்துவந்ததற்கு ஒன்று அண்ணனுக்கும் ஒன்று குடைக்குமா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அனுஷியாவும்தான். அவள் பெயரைக் கூப்பிட்டபோது மண்டபத்தில் முதலில் எழுந்து விசில் அடித்தவன் அவன். பக்கத்தில் இருந்த போதகர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நான் வெட்கப்பட்டேன், அவன் வெட்கப்படவில்லை. அன்று காலையில் அவனைவிடச் சந்தோஷமாக இருந்தவர் யாரும் இல்லை. சதீஸும் தங்கச்சியோடு நின்று பத்துப் படமாவது எடுத்திருப்பான்.

மடுல்கெல்லவில் வேனை மேல் ரோட்டில் நிறுத்தினோம். தேயிலைக்குள் நின்று அங்கியோடு ஒரு படம் எடுக்கலாம் என்று சொல்லித்தான் அவளை அங்கே கொண்டுபோனேன். கீழே ஆலமரத்தடியில் பூசைச் சாமான்களை நான் எடுத்து வைப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை, நான் வேன் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டாள். மரத்துக்கும் அவளுக்கும் நாற்பது அடி எடுத்து வைக்கிற தூரம் இருக்கும். இதை நன்றாகக் குறித்துக்கொள். கறுப்பு அங்கியோடு அவள் சாமி எல்லைக்குள் வந்து நின்றதால் முனி கோபித்தார் என்று சின்னம்மா சொல்வதும், கறுப்பைக் கண்டு குளவி கிளம்பியது என்று சதீஸ் சொல்வதும் சரியில்லை. குளவி கிளம்பும்வரை அவள் கீழே வரவே இல்லை.

இனி எழுதப் போவதை அம்மாவிடம்கூட திங்கட்கிழமை வரைக்கும் சொல்லாமல் இருந்தேன். கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டு நான் மேலே பார்த்தேன். இரண்டாவது கிளைக்கு அடியில், குடத்தைக் கவிழ்த்துக் கட்டியது போல ஒன்று கறுப்பாகத் தொங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தேன். தோட்டத்தில் குளவி கொட்டியவர்களின் விபத்து அறிக்கைகளை எழுதியது இந்தக் கைதான். தீ மூட்டுமுன் மேலே பார்க்கவும் என்று மூன்று மொழியிலும் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டியவனும் நான்தான். அப்படியிருந்தும், அது மரத்தின் முண்டாக இருந்தால், நான் சொல்லி எல்லோரையும் ஓட வைத்து, பிறகு அது முண்டு என்று தெரிந்தால் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நான் அண்ணாந்து நிற்பதைச் சித்தப்பா பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, முனியாண்டி மேல ஏறி உக்காந்திருக்காரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். சித்தப்பா வெடிக்கட்டைக் கொளுத்தி மரத்தடியில் போட்டான்.

வெடி முடியுமுன்னே மேலே ஒரு இரைச்சல் கேட்டது, மழை வருகிற மாதிரி. பிறகு வெளிச்சம் மங்கியது. முதலில் அம்மாவின் முகத்தில் குளவிகள் விழுந்தன. அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தபோது வாய்க்குள்ளும் போய்விட்டன. நான் சால்வையால் அடித்தேன், அடிக்க அடிக்க அதிகம் வந்தன. சதீஸ் சின்னம்மாவை இழுத்துக்கொண்டு மேலே ஓடினான், சரியாகத்தான் செய்தான். சித்தப்பா தேயிலைக்குள் கீழ்ப்பக்கமாக ஓடினான், தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி சுற்றியது போல மொய்த்திருந்தன, கைகளால் முகத்தைப் பிய்த்துக்கொண்டே ஓடிப்போய் வடிகால் கானுக்குள் விழுந்தான். அப்போதுதான் அனுஷியா வந்தாள். ரோட்டிலிருந்து எங்கள் பக்கமாக ஓடிவந்தவள் அவள் ஒருத்தி. வரும்போதே அங்கியைக் கழற்றி அம்மாவின் மேல் போட்டு, தள்ளி விழுத்தி, அவளுக்கு மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். படுங்கப்பா, அசையாதீங்க என்று அவள் சொன்ன பிறகுதான் நான் எழுதிய அறிவித்தலில் இரண்டாவது வரியே அதுதான் என்று எனக்கு நினைவு வந்தது. இப்திகார் தம்பி சாக்கைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்து ஒவ்வொருவராக இழுத்தார். சித்தப்பாவைக் கானிலிருந்து தூக்கியபோது அந்த முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை அண்ணே என்று கூப்பிட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு உயிர் போனது. டாக்டர்மார் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள்.

அனுஷியாவை அன்று பிற்பகலே வார்டிலிருந்து விட்டார்கள். முதுகிலும் கழுத்திலும் நாற்பத்தேழு கொட்டு. நின்றால் தள்ளாடினாள். சவ அறைக்கு வெளியே சதீஸ் அவளைக் கண்டதும் வந்து முகத்தில் குத்தினான். அவள் சுவரில் போய் மோதினாள். சின்னம்மா அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "சாக வேண்டியது நீடி" என்று சதீஸ் கத்திக் கத்தி உதைத்தான். காவலாளி வந்து பிரித்தார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனது யார், நெருப்பு வைத்தது யார், கூட்டைப் பார்த்தது யார் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருந்தால் அவள் மேல் விழுந்த இரண்டாவது உதை விழுந்திருக்காது. நான் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையில் பயணத் திட்டம் இருந்தது. அதற்கடுத்த கிழமை அவன் குடித்துவிட்டு வந்து கல்லெறிந்து நம் முன் யன்னல் இரண்டையும் உடைத்தான். ரோட்டில் கண்டால் காலை முறிப்பேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவள் வாசலுக்குக்கூட வரவில்லை. உன் போனும் அந்தக் கிழமைதான் வந்தது.

கருமாதி நேற்று முன்தினம், திங்கட்கிழமை. அனுஷியா வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நானும் அம்மாவும் போனோம். ஐயர் எழுந்த பிறகு, சாப்பாட்டுக்கு இலை போடுமுன், நான் எழுந்து நின்றேன். பேசினால் நடுங்குவேன் என்று தெரிந்து நாலு வசனம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நேர்த்தி வைத்தது நான். அனுஷியாவுக்குத் தெரியாமல் கூட்டிப்போனது நான். கூட்டை நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கொளுத்தினேன். வாசித்து முடித்தபோது பின்னால் சமையல்காரர் கிடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். சின்னம்மா எழுந்து என் முன்னால் வந்தாள்.

"கண்ணால பாத்தீங்களா மச்சான்?"

"பார்த்தேன்."

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். மொட்டைத் தலையோடு இருந்த சதீஸ் அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவினான். கடதாசி பிடித்திருந்த கையில் முதலாவது விழுந்தது, மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது தோளில். மூன்றாவதுக்கு ஓங்கியவனைப் பிடித்தது சின்னம்மாதான், போதும்டா, அப்பா இருந்தா உன்னை விடமாட்டாரு என்றாள். அவன் விறகைப் போட்டுவிட்டு, பெரியப்பா பெரியப்பா என்று என் காலடியில் இருந்து அழுதான். ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். படியில் விழுந்தேன் என்று சொல்லும்படி அம்மா காதுக்குள் சொன்னாள். நான் தம்பி மகன் அடித்தான் என்றே சொன்னேன். பொலிஸ் வந்து கேட்டபோது முறைப்பாடு வேண்டாம், ஆனால் நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்று கூட்டைப் பார்த்ததிலிருந்து வாக்குமூலம் கொடுத்தேன். அவனையும் நீ ஒன்றும் சொல்லாதே, அடிக்க ஆள் அனுப்பாதே.

வீட்டுக்கு வந்து அனுஷியாவிடமும் சொன்னேன். ஒரு நாள் முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. கேட்டிருந்தால் நான் வேனிலேயே இருந்திருப்பேன், அப்பா கொளுத்திவிட்டு வந்திருக்கலாமே, ஏன் பொய் சொன்னார் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாளாம். நேற்று பின்னேரம் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தபடி, எந்தப் பாடத்துக்கு அப்பா நேர்த்தி வைத்தீர்கள் என்று கேட்டாள். கிரேக்கத்துக்கு என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

வருகிற திங்கட்கிழமை, 15ஆம் திகதி, அவள் தெல்தோட்டைக்குப் போகிறாள், அங்கே சபை நடத்தும் பாலர் பாடசாலையில் வேலை. இந்த வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளாக அவள் போகக் கூடாது. நீ கோபப்பட வேண்டுமென்றால் அதற்கு ஆள் நான் இருக்கிறேன். மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை, இதை எழுதுவதற்கே பதினெட்டு நாள் ஆனது. தபாலில் போட்டால் நாள் பிந்தும் என்பதால் இப்திகார் தம்பியின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் படித்தாலும் பரவாயில்லை, கண்ணால் கண்டவர்தானே. அந்த நாட்டு வெயிலில் தண்ணீர் குடி, கோபத்தோடு உயரத்து வேலைக்கு ஏறாதே. எந்தத் தெய்வத்தின் பெயரால் உன்னை வாழ்த்துவது என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆகவே உன் அம்மாவும் நானும் எங்கள் பெயராலேயே வாழ்த்துகிறோம், நீண்ட ஆயுளோடு நல்லபடி இரு.

கடைசித் தாள் பயணத் திட்டம். மூன்று மணிக்கு நேராக இருந்த ஓய்வு என்ற சொல்லை ஒரே கோட்டால் வெட்டி, முனியாண்டி கோயில், அனுஷியாவுக்குத் தெரிவிக்கவில்லை என்று எழுதி, ஒபீசில் செய்வதுபோலத் திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவளுக்கு பஸ். அதற்கு முன் அவளுக்குப் போன் எடு. இப்போது அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. தியாகராஜா