உள்ளங்கை மேலே

காலையில் குக்கரை இறக்கும்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்றது. அதே இடம். குக்கரை நங்கென்று மேடையில் வைத்துவிட்டு நின்றேன். முதலில் பழைய பயம் வந்தது, பின்னாலேயே நீ வந்தாய்.

தொண்ணூறுகளில் ஹெப்பகோடி கம்பெனியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஃபேன் ரெகுலேட்டருக்கு நான் ஸ்க்ரூ முடுக்குவேன், நீ மூடி மாட்டுவாய். ஒருநாள் தண்ணீர் டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. எங்கப்பாவுக்கும் முதலில் கைதான் விழுந்தது, பிறகு ஒரு பக்கமே போய்விட்டது. எனக்கும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். நாமெல்லாம் டெம்பரரி. கை போனால் வேலை போய்விடும், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

அம்மா, "நரம்பு பெசகிடுச்சு" என்று ஆஸ்டின் டவுனில் கட்டுப் போடுகிறவரிடம் இழுத்துப் போனாள். அவர் கையை இழு இழு என்று இழுத்து, முட்டையும் உளுந்தும் குழைத்துப் பத்துப் போட்டுக் கட்டினார். அதை மறைக்க நீளக் கை ரவிக்கை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேனே, என்ன புத்திசாலித்தனம். வெயில் ஏற ஏற முட்டை நாற ஆரம்பித்தது. சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏனம்மா இது வாசனெ?" என்று கன்னடத்தில் கேட்டார், என்ன நாற்றம் என்று.

நீ எழுந்து நின்று, "சார், நன் டப்பீலி மொட்டெ கெட்டோகிதெ" என்றாய். உன் டப்பாவில் முட்டை கெட்டுப்போச்சாம். அதில் இருந்ததோ புளிசாதம். அவர் வெளியே கொட்டச் சொன்னார், நீயும் கொட்டினாய். மத்தியானம் என் சாப்பாட்டில் பாதியைத் தின்றுகொண்டே திட்டினாய்: "செத்த எலியாட்டம் நாறுதுடீ. சாயங்காலம் டாக்டர்கிட்ட வர்றே, அவ்ளோதான்."

விவேக் நகர் டாக்டர் என் மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லித் தன் கையால் அமுக்கினார். அலறிவிட்டேன். "பக்கவாதம் இல்லம்மா. மணிக்கட்டைத் தூக்கற தசை எலும்புல ஒட்டற எடம் நைஞ்சிருக்கு. டென்னிஸ் எல்போ. இழுத்துக் கட்டறதெல்லாம் வேணாம். ஸ்க்ரூ முடுக்கறத நிறுத்து." முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை போடச் சொன்னார். வலி தணிந்ததும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கிப் பழக வேண்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். மாசக்கணக்கில் ஆகும், ஆனால் சரியாகிவிடும் என்றார்.

வெளியே வந்ததும், "மகாராணிக்கு டென்னிஸாம்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரூ முடுக்காதவளுக்கு எந்தக் கம்பெனி நாற்காலி போடும்?

மறுநாள் நான் போவதற்குள் என் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். "நான் முடுக்கறேன், நீ மூடி போடு. வேலை நடந்தா எவன் கேக்கப்போறான்?" யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கை கவிழ்த்து எதைத் தூக்கினாலும் புறங்கையில் உன் தட்டு விழும். "உள்ளங்கை மேல." பஸ்ஸிலும் அதே தட்டு, குழாயடியிலும் அதே தட்டு. குளிர்காலத்தில் வலி போனது. பயம் போக இன்னும் நாளானது.

சில வருஷம் கழித்து நோயில் நீ படுத்தாய். விரிப்பு மாற்ற உன்னைத் தூக்கச் சொன்னாள் நர்ஸ். இரண்டு கையையும் உனக்கு அடியில் கொடுத்தேன். கண்ணைத் திறக்காமலே, "உள்ளங்கை மேலதானே?" என்றாய். "மேலதான்டீ" என்றேன். நீ கனக்கவே இல்லை. அந்த மாதிரி நான் என்றைக்கும் பயந்ததில்லை.

இன்று பழைய பட்டையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பிறகு குக்கரை நகர்த்தக் கை கவிழ்த்துப் போனேன். தொடுவதற்குள் புறங்கை கூசியது, நீ தட்டப்போகிறாய் என்று. கையைத் திருப்பிக்கொண்டேன்.