ஸ்கூட்டி வாங்க வந்த சொந்தக்காரன்

சங்கரன்கோவில்
செவ்வாக்கெழம

ஏட்டி அனு, உங்கப்பன் சரியான கோட்டிக்காரன்ட்டி, புத்தி கெட்டவன், வண்டிய வாங்க வாரவனுக்கு பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு நிக்குற எடத்துல வச்சுக் காட்டுங்கன்னு நீ சொன்னது என் காதுல விழத்தான் செஞ்சுது, நான்தான் உன் ஸ்கூட்டி என்ன மந்திரியா, கூட்டம் கூட்டிக் காட்டன்னு கேலி பண்ணேன். சரி, நீயும் மாப்ளையும் பூனாவுல நல்லா இருப்பிய, இங்கன நானும் உங்கம்மையும் இருக்கோம், சொகம்னு எழுதத்தான் கை வரல. போன்ல உன் கொரலக் கேட்டா பொய்யி தானா வந்துருது, அதான் கடுதாசி. வண்டிய பஸ் ஸ்டாண்டுல வச்சு ஒருத்தன் ஓட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னேன்லா, நான் பஸ் ஸ்டாண்டுக்கே போகல மக்கா, அவன வீட்டுக்குத்தான் வரச் சொன்னேன்.

வந்தவன் நெத்தி நெறைய துன்னூறு, செருப்ப வாசல்லயே கழத்திட்டு கும்பிட்டான். எந்தூருன்னேன், சிவகிரின்னான். அங்கன நமக்குத் தூரத்துச் சொந்தம், பூக்கட காசி அண்ணாச்சியத் தெரியுமான்னு நான்தான் கேட்டேன், தெரியும்னான். மூக்கப் பாத்தா அவிய தம்பி மவன் மாதிரில்லா இருக்குன்னும் நான்தான் சொன்னேன், ஆமா சித்தப்பான்னுட்டான். நாமளே சொந்தத்த எடுத்து நீட்டுனா எவன் வேண்டாம்பான். பெறவு போனப் போட்டுக் கேட்டா காசி அண்ணாச்சிக்குக் கூடப்பொறந்தது பூராம் பொம்பளப் புள்ளயளாம்.

மவன் முறைக்காரன் வெறும் காபியா குடிப்பான்னு, உங்கம்மைய காபி போடச் சொல்லிட்டு, சாவிய அவன் கையில குடுத்துட்டு, முக்குக் கடைக்கு காராச்சேவு வாங்கப் போனேன். திரும்பி வந்தா வண்டியக் காணும், அடுப்படிக் கதவுல வெளிய கொண்டித் தாப்பா போட்டுக் கெடக்கு, உள்ளருந்து உங்கம்ம தட்டுதா. இத எழுதத்தான் ரெண்டு பேப்பரக் கிழிச்சேன். சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு மக்கா, கேட்டும் தொறக்காம வண்டியத் தேடி மெயின் ரோடு வரைக்கும் ஓடுனேன். ஓடிட்டு வந்துதான் தொறந்தேன். அவ கழுத்துல செயினு அப்படியே கெடக்கு, மேலுல ஒரு காயமும் இல்ல. உன்கிட்ட பொய் சொல்லும்போதும் பக்கத்துலதான் நின்னா, காட்டிக் குடுக்கல. அதுலருந்து சோறு வைக்கா, பேச மாட்டேங்கா. நான் என்ன கேலி பேசுனாலும் சிரிக்கவும் இல்ல, வையவும் இல்ல, வஞ்சாலாவது தேவல.

ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு. நீ பழைய சைக்கிளு வாங்கப் போறேன்னியே, மாப்ளையக் கூட்டிட்டு பகல்ல போ, ஆளு நடமாட்டம் உள்ள எடத்துல வச்சுப் பாரு, யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாத. விக்கிறவன் தமிழ் பேசுனான்னா இன்னும் சூதானமா இரு, உங்கப்பன் புத்தி உனக்கும் கொஞ்சம் இருக்கும். சங்கரநாராயணர் தொணையில ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம இருங்க. மாப்ளைகிட்ட மட்டும் பஸ் ஸ்டாண்டுன்னே சொல்லிக்கோ.

இம்புட்டையும் சத்தமா வாசிச்சுக்கிட்டேதான் எழுதுதேன், உங்கம்ம காதுல விழட்டும்னு. எதுத்தாப்புல உக்காந்து கீர ஆஞ்சுக்கிட்டு இருக்கா. காலையில அவ குளிக்கப் போன நேரத்துல அந்த அடுப்படிக் கொண்டிய ஸ்குரூவோட கழத்தி மடியில வச்சிருக்கேன், அத அவ கையில குடுத்து ஒரு வார்த்த சொல்லணும்னு ஏ பூமாரின்னு கூப்புட்டேன், சொல்லி முடிக்கல, கீரைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

உங்கப்பன்
தங்கப்பழம்