கூரைமேல் நின்று நான் சொன்னது

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. பின்பக்க ஃபென்ஸில் ஒரு பலகை பெயர்ந்துவிட்டது. மத்தியானம் மகள் காவ்யாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவள் அம்மா உஷாதான் ஓட்டினாள்.

வாங்க: வலி மாத்திரை, ஸ்ட்ரா, முன்னால் பட்டன் வைத்த சட்டை இரண்டு. கழுத்துப் பட்டையோடு தலைவழியாக எதையும் போட முடியாது.

நேற்று கார் ரேஸில் நடந்தது. முப்பத்தோராவது சுற்று. உள்பக்கமாக ஒரு வெள்ளை வண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட், சீட், ஜன்னல் வலை எல்லாம் மறைப்பதால் பக்கத்தில் என்ன வருகிறதென்று ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. அதற்குத்தான் ஸ்பாட்டர், ரேடியோவோடு ஸ்டாண்ட் கூரைமேல் நான். "கிளியர்" என்றேன். உடனே டிராக்கின் வெளிப்பக்கம், சுவரோரமாக மேலே ஏறினாள். வெள்ளை வண்டி அங்கேயே இருந்தது. சுவர். காதில் வெறும் இரைச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

டீம் ஓனர் ராய் போன். காவ்யா ஸ்பீக்கரில் போட்டாள். நான் கிச்சனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு. தன் தப்புதான், அப்பா சொல்வதற்கு முன்பே ஏறிவிட்டேன் என்று அவரிடம் சொன்னாள். நறுக்குவதை நான் நிறுத்தவில்லை.

வைத்ததும் என்னைப் பார்த்து, "இட்ஸ் ஓகேப்பா. எவ்ரி ஸ்பாட்டர் மிஸ் பண்ணுவாங்க, ஒரு தடவையாவது."

குப்பை வண்டி இன்று வரவில்லை.

மார்ச் 19, வியாழன்

கா. 10, டாக்டர். எலும்பு கூடிவிடும். ஆனால் கழுத்தில் இன்னொரு அடி பட்டால் கை கால் போய்விடுமாம். ரேஸ் இனி கிடையாது. இந்த சீஸன் மட்டும் இல்லை, என்றைக்குமே.

மே மாதம் பெரிய டீம் ஒன்றில் அவளை ஓட்டவிட்டுப் பார்க்க டெஸ்ட் வைத்திருந்தார்கள். பத்து வருஷமாக அதற்காகத்தான் ஓட்டினாள். இருபத்தாறு வயது.

பார்க்கிங்கில் ஒரு அம்மாள் ஃபோனில்: "ஆமாம் ஆமாம், சாம்பார் நான் கொண்டு வரேன்." அவர்களுக்கு இது வெறும் ஒரு வியாழக்கிழமை.

காவ்யா அழவில்லை. உஷா வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினாள்.

மார்ச் 20, வெள்ளி

காவ்யாவிடம் சொல்லிவிட்டேன். போன ஆகஸ்டில் கண் டாக்டர் சொன்னது. இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, திரும்ப வராது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் சொட்டு மருந்து மட்டும்.

"சின்ஸ் ஆகஸ்ட்?"

"ஆமா கண்ணு."

விரல் விட்டு எண்ணினாள். "நைன் ரேஸஸ்பா. நைன்."

புது ஆள் குரல் அவளுக்குப் பழக நாளாகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பதினாறு வயதிலிருந்து அவள் காதில் நான். அந்த இடத்தை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

உஷா: "ஏனுங்க, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லைங்க?"

மார்ச் 23, திங்கள்

ராயிடமும் போய்ச் சொன்னேன். உஷா கொண்டு விட்டாள். ராய் கத்துவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, காவ்யாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். அவள் சீட்டில் வேறு ஒரு பெண்ணைப் போட்டாயிற்றாம்.

வீட்டில் யாரும் டிவி போடுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் காவ்யா ரூம் வாசலில் வைக்கிறேன். நான் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்கிறாள்.

ஏப்ரல் 11, சனி

மழை. வரி பேப்பர் இன்னும் பாக்கி. காவ்யா அம்மாவிடம் பேசுகிறாள், சிரிக்கவும் செய்தாள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டாள். பால் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பால் இருந்தது.

ஏப்ரல் 25, சனி

வெயில். கழுத்துப் பட்டையோடு மாலை 3 மணிக்கு டிராக்குக்குக் கிளம்பினாள். அந்தப் புதுப் பெண்ணுக்கு ஸ்பாட்டராக இருக்க ராய் கேட்டிருக்கிறார். கூரைக்குப் படி ஏற வேண்டுமே என்றேன்.

"ஐ கேன் சீ ஃபைன்பா."

உஷா ஓட்டிக்கொண்டு போனாள். என்னைக் கூப்பிடவில்லை. கார் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன்.