ஊரில எவடம்?

பென்டில் ஹில்
ஞாயிறு காலை

அன்புள்ள மகள் தாரிணிக்கு,

நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. அங்கே வாஷிங்டனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு நல்லாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளும் பேனையும். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை எச்எஸ்சியில் தமிழ் எடுத்துப் பாஸ் பண்ணினவள், வாசிக்கத் தெரியாது என்று சாட்டுச் சொல்லாதே.

நீ மியூசியத்தில் எடுத்து அனுப்பிய படம் வந்து மூன்று கிழமையாகிறது. சாப்பாட்டுக் கடை மேசை ஒரு துண்டு, முன்னால் நாலு கதிரை. 1960இல் நாலு கறுப்பின மாணவர்கள் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்றிருந்த அந்த மேசையில் போய் இருந்து கோப்பி கேட்டார்கள், கொடுக்கவில்லை, கடை பூட்டும்வரை எழும்பவில்லை, அடுத்த நாள் இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று எழுதியிருந்தாய். கடைசியில் இங்கிலீசில் ஒரு வரி, அம்மா, நீ அந்த மேசைக்குப் பின்னால் நின்றிருந்தால் அவர்களுக்குக் கோப்பி கொடுத்திருப்பாயா என்று. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கையால் தேத்தண்ணி வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினதை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன், என்னிடமா இந்தக் கேள்வி என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் பேப்பரை இறக்கவேயில்லை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மூத்தோர் சங்கத்தில் மதியச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு கறி கொண்டுபோக வேண்டும். வேறு மாநிலத்து டார்னெய்ட்டில் இருந்து மகனோடு இங்கே குடிவந்த சத்தியபாமா என்று ஒரு மனுசி புதிதாக வந்திருந்தா. கத்தரிக்காய்க் குழம்பு, சட்டியைத் திறக்க மண்டபம் முழுக்க மணந்தது. விமலா அன்ரி பக்கத்தில் போய், "ஊரில எவடம்?" என்று கேட்டா. ஊர்ப் பெயர் வந்தது. அதில எந்தப் பக்கம் என்பது அடுத்த கேள்வி. அதையும் அந்த மனுசி ஒளிக்காமல் சொன்னா. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்கிற எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் இது, உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒருத்திக்கு வயிறு சரியில்லை, இன்னொருத்திக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் உடம்பு கடிக்குமாம். வரிசை அந்தச் சட்டியைத் தாண்டித் தாண்டிப் போனது, கரண்டி வைத்தபடியே கிடந்தது. நானும் தாண்டினேன் மகள். தட்டை நிரப்பிக்கொண்டு என் இடத்தில் வந்து இருந்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது, கத்தரிக்காய் என்றால் உயிரை விடுகிறவள் நான்.

அவ மூடியைப் போட்டுவிட்டு, "பரவாயில்லை, இரவைக்கு மகனுக்கு உதவும்" என்று சிரித்தா. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அந்தக் கிழவி வேண்டாம் என்ற தேத்தண்ணியைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது நானும் அப்படித்தான் சிரித்தேன். எழும்பிப் போய் அவவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து எனக்குக் குழம்பு போடுங்கோ என்றேன். மேசையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போக எனக்கு இருபது நிமிடம் பிடித்திருக்கிறது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன், ஓம், அவசரத்தில் இரண்டு தரம் போட்டுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டா. இதை வீரம் என்று நினைத்து உன் சிநேகிதருக்குச் சொல்லிவிடாதே. அந்த மாதிரி மேசைகளில் போய் இருந்தவர்களுக்கு நடந்தது போல என் தலையில் ஒருவரும் எதையும் ஊற்றவில்லை, பொலிஸ் வரவில்லை. விமலா அன்ரி ஐந்து நாளாகப் போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வருகிற செவ்வாய் அப்பாவும் முழங்காலை இழுத்துக்கொண்டு கூட வருகிறாராம்.

இவ்வளவும் எழுதியது இதைச் சொல்லத்தான். நீ சுதர்சனை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நானும் அதே இரண்டு கேள்வியைக் கேட்டேன். அந்தப் பிள்ளை மரியாதையாகப் பதில் சொல்லி, பாதித் தேத்தண்ணியோடு கப்பை வைத்துவிட்டு எழும்பியது. பிறகு நான் அந்தக் கப்பைச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியில் போட்டதை நீ பார்த்துவிட்டாய். கப் வெடித்திருந்தது என்று சொன்னேன். வெடிக்கவில்லை. நீ அறைக்குள் போனாய், மூன்று மாதத்தில் அமெரிக்காவில் வேலை என்றாய். நீங்கள் அங்கே பதிவுத் திருமணம் செய்ததை ஒரு படத்தில்தான் பார்த்தோம். நாலு வருடமாக நான் எழுதிய ஒன்றிலும் அவருடைய பெயர் இல்லை, இந்தக் கடிதத்தின் தொடக்கத்திலும் உன் சுகத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன், திருப்பிப் பார். உன் கேள்விக்குப் பதில், கொடுத்திருக்க மாட்டேன். கொடுத்திருந்தாலும் பிறகு கப்பை எறிந்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது மகள். அவரிடம் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வர மாட்டேன் என்றால் அது அவருடைய நியாயம், நீ வற்புறுத்தாதே, நாங்கள் அங்கே வருகிறோம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து, நீண்டகாலம் வாழ வேண்டும் என்று நல்லூர்க் கந்தனை வேண்டி ஆசீர்வதிக்கிறேன். அப்பாவின் ஆசியும் இதற்குள் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்பு, சுதர்சனுக்குத் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி? அன்றைக்கு அவ்வளவு கேள்வி கேட்ட நான் அதைக் கேட்கவில்லை.

உங்கள் இருவரின் அம்மா,
விக்னேஸ்வரி மகாதேவன்