விமானக் கம்பனியும் நீர்வேலி வாழைத்தோட்டமும்

இல்லை, பங்குகளை இன்னும் விற்கவில்லை. விமானக் கம்பனியின் ஆண்டறிக்கை இன்று தபாலில் வந்தது. பிரித்ததும் அதே மை வாசம். கொழும்பு விடுதியில் நீயும் நானும் ஒரே கட்டிலில் குப்புறக் கிடந்து படித்த வாசம்.

அந்தப் பங்குகள் அப்பா மலாயாவில் வாங்கி எனக்கு விட்டுப்போனவை. அவற்றை விற்று நீர்வேலியில் எனக்குச் சீதனமாக வாழைத்தோட்டம் வாங்கவேண்டும் என்பது மாமாவின் ஆசை. சென்னையில் எம்.ஏ. படிக்கவேண்டும் என்பது என் ஆசை.

"தோட்டத்தின்ரை விலை பத்து வருஷ வருமானம். உந்தக் கம்பனிக்கு நாப்பது வருஷ லாபத்தை விலையாக் கேக்கிறாங்கள். எது பிள்ளை மலிவு?" என்றார் மாமா. எனக்கும் அது சரியாகவே பட்டது.

விடுமுறைக்கு என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நீதான் விடவில்லை. "தோட்டம் எப்பவும் அதே பரப்புத்தான், மாமா. கம்பனியிட்டைப் போன வருஷம் ரெண்டு விமானம். இப்ப நாலு."

அடுத்த வருடம் புது விமானங்களின் செலவில் இலாபம் கரைந்தது. விலை அசையவில்லை. வருட இலாபத்தைப்போல் விலை இப்போது இருநூறு மடங்கு. மாமா பேப்பரை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"இருநூறு வருஷம் நீ இருப்பியோ?"

"காத்தடிச்சு ரெண்டே குலை மிஞ்சின வருஷம் தோட்டத்தையும் இப்பிடிக் கணக்குப் பாருங்கோ," என்றாய். மாமா சிரித்துவிட்டார். விற்பனை தள்ளிப்போனது.

பிறகு மடங்கு பதினைந்துக்கு இறங்கியது. கம்பனியை எல்லாரும் கைவிட்டார்களோ என்று பதறினேன்.

"எடி விசரி, விலை ஏறித்தான் கிடக்கு. லாபம் அதைவிடக் கெதியா ஏறீட்டுது," என்றாய்.

விடுதிக் கட்டிலில் ஏறிக் கைகளை விரித்து விமானமானாய். பலகை முறிந்தது. விடுதித் தலைவியிடம் நாம் சொன்ன பொய்யை நினைத்தால் இன்றும் சிரிப்பு.

போன மாரியில் நெருப்புக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

இப்போது மடங்கு எட்டு. இலாபமோ முன்னெப்போதும் இல்லாத அளவு. "நல்லா மலிஞ்சு போச்சுப் பிள்ளை, நானும் கொஞ்சம் வாங்கட்டோ?" என்கிறார் மாமா. நீ இருந்தால் உருண்டு சிரித்திருப்பாய்.

சண்டை வருமென்று எங்கும் கதை. வந்தால் விமானங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமோ என்று பங்கு வாங்குவோருக்குப் பயம். இலாபம், முடிந்த வருடத்தைச் சொல்கிறது. விலை, வரப்போகும் வருடங்களை எண்ணி மகிழ்கிறது, அல்லது பயப்படுகிறது. மடங்கு அந்த நம்பிக்கையின் அளவு. ஒரு வருடத்தைத் தனியே பிடித்துப் பார்க்காமல் இருக்க உன்னிடம் பழகினேன். கணக்குக்கு மட்டுமல்ல, உன்னை நினைப்பதற்கும் அது உதவுகிறது. கடைசி மாரி மட்டுமா நீ?

பங்கு விலை அப்பா வாங்கியதைவிட இன்னும் எவ்வளவோ மேலே நிற்கிறது. படிப்புக்குப் போதும்.

விற்கச் சொல்லித் தரகருக்கு எழுதினேன். காசு தோட்டத்துக்கு இல்லை, படிப்புக்கு என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். பிறகு சென்னைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.