கோதுமை இல்லாத ரொட்டி

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையிலேயே மயங்கி விழுந்தாயாமே. உன் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சின்ன வயதிலிருந்து சர்க்கரை, அப்புறம் தைராய்டு. இப்போது சீலியாக் டெஸ்டும் எடுக்கச் சொன்னால் எடுத்துத் தொலை, இழுத்தடிக்காதே. ரொட்டிக்கடைக்காரியின் தங்கைக்குக் கோதுமை ஆகாது என்றால் ஊரே சிரிக்கும், சிரிக்கட்டும். டெஸ்ட் முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாதாமே, ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

சீலியாக்தான். ரத்தத்திலும் தெரிந்தது, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்ததிலும் தெரிந்தது. என் உடம்பே என்னைத் தின்னும் மூன்றாவது நோய் இது. இனிச் சாகும்வரை கோதுமை வாயில் படக் கூடாது. ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எண் இறங்கிவிட்டால் வேலையை விட்டு உன்னோடு வந்துவிடுகிறேன். தனியாக இருந்து அலுத்துவிட்டது, அக்கா.

வாலு

பிப்ரவரி 24

என் கண்ணே,

மாடி அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தாயிற்று. கடை வாசனையே எட்டாதபடி கதவு மாற்றுகிறேன். அதுவரை வாராவாரம் கோதுமை இல்லாத ரொட்டி என் கையாலேயே செய்து அனுப்புகிறேன். கண்டதைத் தின்னாதே.

உன் அக்கா

செப்டம்பர் 4

அன்புள்ள அக்கா,

எண் இறங்கவே இல்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. “ஒளிச்சு வச்சு ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று டாக்டர் கேட்டார். உன் ரொட்டியைத் தவிர வெளியில் ஒரு வாய்கூட வைப்பதில்லை என்று அழுதுவிட்டேன். சிலருக்குக் கோதுமையை விட்டாலும் இந்த நோய் அடங்காதாம். இனி ஸ்டீராய்டுதான் என்கிறார். அதில் என் சர்க்கரை எகிறிவிடும். ரொட்டி செய்யும் முறையை எழுதி வாங்கி வரச் சொன்னார். கோபித்துக்கொள்ளாதே.

வாலு

செப்டம்பர் 11

வாலு,

என் கைமேலேயே சந்தேகமா அந்த டாக்டருக்கு? எழுதிக்கொள். அரிசி மாவும் சோள மாவும் தனி டப்பாவில், பூட்டி வைத்திருக்கிறேன். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் தட்டு. கடை அடுப்பில்கூட வைப்பதில்லை, உனக்கென்று சின்ன அடுப்பு வாங்கினேன். பிசைந்த மாவு பிசுபிசுவென்று கையை விடாது. எப்போதும்போல மேஜையில் ஒரு பிடி மைதா தூவி உருட்டிக்கொள்வேன். பிறகு ஈரத்துணி போட்டு மூடி, பொங்கியதும் அடுப்பில். இதில் கோதுமை எங்கே இருக்கிறது, அவரையே சொல்லச் சொல்.

உன் அக்கா

செப்டம்பர் 18

அக்கா,

உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டவில்லை. மைதாவும் கோதுமைதான். இத்தனை வருஷம் அதிலேயே புரளும் உனக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. தூவுவதை நீ மாவுக் கணக்கில் சேர்த்ததே இல்லை, எனக்குத் தெரியும். கோபமில்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய் என்று அடித்துவிட்டேன்.

இனி ரொட்டி அனுப்பாதே. மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. கூடப்பிறந்தவர்களுக்கும் இது வருமாம், நீயும் டெஸ்ட் எடுத்துக்கொள். பதறிக்கொண்டு ஓடி வந்துவிடாதே. வந்தால் ஊட்டிவிடுவாய், தலையைக் கோதிவிடுவாய்.

உன் கையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும், அக்கா.

வாலு